டோகாமாக்கில் எலக்ட்ரான் வெப்பநிலை: இரண்டாம் முறை நான் படித்த விதம்

பிளாஸ்மா இயற்பியலில் பிஎச்.டி. நேர்காணலுக்கு முதல் தடவை போனபோது, எலக்ட்ரான் வெப்பநிலையை அளக்கும் முறைகளை வரிசையாக மனப்பாடம் செய்திருந்தேன். "84 கிகாஹெர்ட்ஸில் வரும் கதிர் பிளாஸ்மாவின் எந்த இடத்திலிருந்து வருகிறது?" என்று கேட்டார்கள். பதில் வரவில்லை. இடமும் கிடைக்கவில்லை.

அடுத்த வருடம் முதலில் எடுத்தது ஒரு வரைபடத்தாள். டோகாமாக் என்பது பிளாஸ்மாவை, அதாவது எலக்ட்ரான்கள் பிரிந்து நிற்கும் சூடான வாயுவை, காந்தப்புலத்தால் வளையமாக அடைத்துவைக்கும் இயந்திரம். காந்திநகரில் இருக்கும் எஸ்எஸ்டி-1 டோகாமாக்கின் அளவுகளை எடுத்துக்கொண்டேன். நடு ஆரம், அதாவது வளையத்தின் அச்சிலிருந்து பிளாஸ்மாவின் மையம் வரையான தூரம், 1.1 மீட்டர், அங்கே காந்தப்புலம் 1.5 டெஸ்லா. ஆரம் கூடக் கூட அதே விகிதத்தில் புலம் குறையும். ஒரு டெஸ்லாவில் எலக்ட்ரான் 28 கிகாஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 2,800 கோடி தடவை சுற்றும்; சுற்றும்போது அதே அலைவெண்ணிலும் அதன் மடங்குகளிலும் (ஹார்மோனிக்) கதிரை உமிழும். அப்படியென்றால் மையத்தில் 42, அதன் இரண்டாம் ஹார்மோனிக் 84. மையத்திலிருந்து 10 சென்டிமீட்டர் வெளியே போனால் புலம் 1.375 டெஸ்லா, இரண்டாம் ஹார்மோனிக் 77. உள்ளே 10 சென்டிமீட்டர் வந்தால் 92.4. ஒவ்வோர் அலைவெண்ணும் ஓர் இடத்தின் முகவரி. இதைக் கையால் கணக்குப் போட்டுப் பாருங்கள், அரை மணி நேரம்கூட ஆகாது.

சரி, இடம் தெரிந்துவிட்டது. வெப்பநிலை எங்கிருந்து வருகிறது? அந்த அலைவெண்ணில் பிளாஸ்மா தன் கதிரைத் தானே முழுவதும் உறிஞ்சுமளவு தடிப்பாக இருந்தால், அது கரும்பொருள்போல நடந்துகொள்ளும். அப்போது கதிரின் செறிவே வெப்பநிலையைச் சொல்லிவிடும். நன்றாக உறிஞ்சும் இடம்தான் நன்றாக உமிழும் என்ற கிர்க்காஃப் விதிதான் இங்கே அடிப்படை.

அலையால் சூடாக்குவதும் இதே படத்தில் அடங்கிவிடுகிறது, எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. 42 கிகாஹெர்ட்ஸ் ஜைரோட்ரானை (அதிக சக்தி நுண்ணலையை உருவாக்கும் கருவி) அதே 1.5 டெஸ்லாவில் ஓட்டினால் சக்தி மையத்தில் இறங்கும். புலத்தைக் கொஞ்சம் மாற்றினால் சூடாகும் இடமும் நகரும். ஜைரோட்ரானை இடைவெளி விட்டு விட்டு இயக்கினால், வெப்பத் துடிப்பு மையத்திலிருந்து வெளியே பரவுவதை உமிழ்வு அலைவரிசைகள் ஒவ்வொன்றாகக் காட்டும். சூடாக்கும் அலையும் அளக்கும் அலையும் ஒரே அலைவெண்ணுக்கு அருகே இருந்தால், சிதறி வரும் ஜைரோட்ரான் சக்தி ஏற்பியைக் கெடுத்துவிடும். அதனால் அதன் முன்னால் அந்த அலைவெண்ணை மட்டும் தடுக்கும் வடிகட்டி வைப்பார்கள்.

இந்த முறை எங்கே ஏமாற்றும் என்பதைக் கட்டாயம் படியுங்கள். விளிம்பில் பிளாஸ்மா மெல்லியது, அங்கே வரும் எண்ணை அப்படியே நம்ப முடியாது. அடர்த்தி ஒரு வரம்பைத் தாண்டினால் அலை நுழையவும் முடியாது, வெளியேறவும் முடியாது. 42 கிகாஹெர்ட்ஸ் சாதாரண அலைக்கு (மின்புலம் காந்தப்புலத்துக்கு இணையாக அதிரும் அலை) அந்த வரம்பு கன மீட்டருக்கு 2.2×10¹⁹ எலக்ட்ரான்கள். அதிவேக எலக்ட்ரான்கள் சிறிதளவு கலந்திருந்தாலும் வெப்பநிலை அதிகமாகக் காட்டும்.

அப்போது கைகொடுப்பது தாம்சன் சிதறல், அதாவது எலக்ட்ரான்கள் சிதறடிக்கும் லேசர் ஒளியை அளப்பது. ரஷ்யர்கள் டி-3 டோகாமாக்கில் ஒரு கோடி டிகிரி எட்டியதாகச் சொன்னதைப் பலர் நம்பவில்லை. 1969-இல் பிரிட்டனின் கல்ஹாம் குழு ரூபி லேசரை மாஸ்கோவுக்கே கொண்டுபோய், சிதறிய ஒளியின் அகலத்தை வைத்து ஏறத்தாழ ஒரு கிலோ எலக்ட்ரான் வோல்ட் என்று உறுதிசெய்தது. ஒரு கிலோ எலக்ட்ரான் வோல்ட் என்றால் சுமார் 1.16 கோடி கெல்வின். இந்த மாற்றுக் கணக்கும் நினைவில் இருக்கட்டும்.

இரண்டாம் நேர்காணலில் எந்தக் கேள்வியும் வருமுன்னே பலகையில் ஆரத்தோடு அலைவெண் மாறும் அந்த வளைவை வரைந்தேன். நாற்பது நிமிடமும் கேள்விகள் அதன் மேலேயே வந்தன.