இழுப்புக்கு ஓர் இழுப்பு

முப்பதும் தீர்ந்துவிட்டது, இரைப்பு மட்டும் அப்படியே இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே பெரியவர் கடைப்படியில் உட்கார்ந்தார். பர்மாவில், யாங்கோனில் காளி கோயிலிலிருந்து நாலு தெரு தள்ளி நான் வேலை பார்த்த மருந்துக் கடை அது.

"எது முப்பது, பெரியப்பா?"

"நீ குடுத்த மாத்திரைதான். காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. வெறும் டீ ஊத்தி முழுங்கிட்டேன்."

நான் கொடுத்தது மாத்திரை இல்லை. இன்ஹேலர் மெஷினில் போட்டு உறிஞ்ச வேண்டிய, பவுடர் அடைத்த கேப்ஸ்யூல் குப்பி. மெஷின் எங்கே என்று கேட்டேன். பேரன் உடைத்துவிடுவான் என்று அலமாரியில் பூட்டி வைத்திருக்கிறாராம்.

எனக்கு முகம் சுருங்கிப்போனது. அவர் வாங்க வந்த சாயங்காலம் கரண்ட் இல்லை. முன்னால் மூன்று பேர் நின்றார்கள். "காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு" என்று ஒரே மூச்சில் சொல்லிக் கட்டிக் கொடுத்துவிட்டேன். சொன்னதை அவர் அச்சுப் பிசகாமல் செய்திருக்கிறார். அதில் இருந்த ஃப்ளூட்டிகசோன் என்கிற ஸ்டீராய்டை விழுங்கினால் ஈரலே பெரும்பாலும் அழித்துவிடும், நூற்றில் ஒரு பங்குகூட இரத்தத்தில் சேராது. நுரையீரலுக்குப் போக வேண்டியது வயிற்றோடு நின்றுவிட்டது. பதினைந்து நாளும் டீ குடித்ததுதான் மிச்சம்.

அந்தப் பெட்டியில் இரண்டு மருந்து சேர்ந்திருக்கிறது. ஏன் இரண்டு என்று கேட்பவர்களுக்கு நான் கதவைக் காட்டுவேன். எங்கள் ஊரில் மே கடைசியில் பிடிக்கிற மழை அக்டோபரில்தான் விடும். அதற்குள் மரக்கதவெல்லாம் ஊதி நிலையில் சிக்கிக்கொள்ளும். தோளால் ஒரு மோது மோதினால் திறக்கும், அடுத்த மழைக்கு மறுபடி சிக்கும். மரம் காய்ந்து இறங்கினால்தான் தானாகத் திறந்து மூடும். மூச்சுக்குழாய்த் தசையைத் தளர்த்துகிற மருந்து அந்த மோதல் மாதிரி. இந்தப் பெட்டியில் இருக்கிற வகை பன்னிரண்டு மணி நேரம் தாங்கும். இன்னொன்றான ஸ்டீராய்டு குழாயின் வீக்கத்தை வற்ற வைக்கிறது. அதன் பலன் முழுதாகத் தெரிய நாட்கள், சில சமயம் வாரங்கள் ஆகும்.

வாரக்கணக்கில் காத்திருக்க யாருக்குப் பொறுமை? எல்லோருக்கும் பிடித்தது நீல நிற இன்ஹேலர்தான், குழாயைச் சட்டென்று தளர்த்துகிற சால்பியூட்டமால். அடித்த சில நிமிஷத்தில் நெஞ்சு லேசாகும். தோசைக்கடை அக்கா ஒருவர் நாளைக்கு ஐந்தாறு தடவை நீலத்தை அடித்துக்கொண்டு, இரண்டு மருந்தும் சேர்ந்த சேர்ப்பு இன்ஹேலரைக் கல்லாப்பெட்டியில் போட்டு வைத்திருந்தார். "அதைப் போட்டா ஒண்ணும் தெரியலம்மா" என்பார். தெரியாமல் இருப்பதுதான் அதன் வேலை என்று சொன்னால் என்னை ஒரு மாதிரி பார்ப்பார். 2019ல் உலக ஆஸ்துமா வழிகாட்டி அமைப்பான ஜினாவே, பெரியவர்களுக்கும் பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கும் ஆஸ்துமாவுக்கு நீலத்தை மட்டும் நம்பி விடாதீர்கள் என்று மாற்றிச் சொல்லிவிட்டது. சேர்ப்பிலும் எல்லாம் ஒன்றில்லை. தளர்த்துகிற மருந்தாக ஃபார்மட்ரால் சேர்ந்தது சில நிமிஷத்திலேயே வேலை செய்யும், அதனால் மூச்சு முட்டும்போதும் அதையே எடுக்கச் சொல்லும் டாக்டர்கள் உண்டு. சால்மெட்ரால் சேர்ந்தது மெதுவாகத்தான் கேட்கும், அவசரத்துக்கு ஆகாது. வாங்குகிறவர்களுக்கு எல்லாமே "அந்த ரவுண்டு டப்பா".

ஆஸ்துமாவையும் புகையால் வந்த சி.ஓ.பி.டி. என்கிற நாள்பட்ட நுரையீரல் நோயையும் இங்கே ஒரே பெயரில் சொல்வார்கள். தமிழில் இழுப்பு, பர்மியத்தில் யின்சாட். யின் என்றால் நெஞ்சு, சாட் என்றால் இறுக்கம். ஆனால் சி.ஓ.பி.டி. மழைக்கு ஊதிய கதவு இல்லை, கரையான் அரித்த கதவு. எவ்வளவு காயப்போட்டாலும் அரித்தது வளராது. அதற்கு மூச்சுக்குழாயை விரிக்கிற மருந்துதான் அடிப்படை. அடிக்கடி திடீரென்று மோசமாகிறவர்களுக்கு, இரத்தத்தில் ஈஸினோஃபில் என்கிற ஒரு வகை வெள்ளை அணுக்களைப் பார்த்து ஸ்டீராய்டு சேர்க்கலாமா என்று டாக்டர் யோசிப்பார். சும்மா சேர்ப்பதற்கில்லை. 2007ல் வெளிவந்த டார்ச் ஆய்வில் 6,000 பேருக்கு மேல் 3 ஆண்டு பார்த்தார்கள். ஃப்ளூட்டிகசோன் எடுத்தவர்களுக்கு நிமோனியா கூடுதலாக வந்தது. ஆஸ்துமாவில் கதை தலைகீழ். ஸ்டீராய்டு இல்லாமல் விரிக்கும் மருந்தை மட்டும் நாள்கணக்கில் எடுப்பதுதான் அங்கே ஆபத்து.

பெரியவருக்கு இரண்டும் கலந்து இருக்கிறது என்று டாக்டர் எழுதியிருந்தார். பதினாறு வயதில் பிடித்த சுருட்டு. வெள்ளைக்காரன் செரூட் என்று எழுதுவது நம் தமிழ்ச் சுருட்டைத்தான் என்று அவரே பெருமையாகச் சொல்வார். பெருமைப்பட வேறு சொல் கிடைக்கவில்லையா என்று நினைத்துக்கொள்வேன்.

சாட் என்றேன் அல்லவா, எங்கள் பணத்துக்கும் அதே சொல்தான், அதே எழுத்துதான். நெஞ்சு இறுகினாலும் சாட், மருந்துக்கு எண்ணிக் கொடுப்பதும் சாட். பணத்தின் மதிப்பு விழுந்த பிறகு வெளிநாட்டு இன்ஹேலர் விலையைச் சொல்ல எனக்கே வாய் வராது. மக்கள் மிச்சம் பிடித்தார்கள். இரண்டு வேளை ஒரு வேளையாகும், நல்லா இருக்கிற வாரம் நிறுத்திவிடுவார்கள். 120 தடவை அடிக்கிற டப்பாவில், வேளைக்கு இரண்டு என்றால் முப்பது நாள் கணக்கு. மூன்றாவது மாதமும் அதையே குலுக்கி, "இன்னும் வருது பாருங்க" என்று என் முகத்துக்கு நேரே ஒருவர் அடித்துக் காட்டினார். வந்தது உந்துவாயு. மருந்து எப்போதோ தீர்ந்திருக்கும். எண் காட்டாத டப்பாவாக இருந்தால் ஆரம்பித்த தேதியை மேலே பேனாவால் எழுதிக் கொடுப்பது அன்றிலிருந்து என் பழக்கம்.

கரண்ட் கதை தனி. மருந்தைப் பனிமாதிரி ஆக்கித் தரும் கரண்ட் மெஷினான நெபுலைசர் வாங்கி வைத்திருக்கிற வீடுகளில் இழுப்பு வருவது சரியாகக் கரண்ட் போன நேரத்தில். அதே நேரத்தில்தான் தெரு நெடுக ஜெனரேட்டர் ஓடிப் புகை கக்கும். இன்ஹேலருக்கு ப்ளக் வேண்டாம் என்பதை அப்போதுதான் மதித்தார்கள்.

சரி, பெரியவருக்கு வருகிறேன். மறுநாள் மெஷினைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தார். கூடவே ஒரு ஊறுகாய் பாட்டில். புதிதாக வாங்கிய குப்பிகளை எல்லாம் அட்டையிலிருந்து பிரித்து அதில் கொட்டியிருந்தார். ஜூலை மாத ஈரத்தில் பவுடர் கட்டிபிடித்துவிடும், எடுக்கிற நேரத்தில் ஒன்றைத்தான் பிரிக்க வேண்டும் என்றேன். தலையாட்டினார்.

மெஷினில் குப்பியைப் போட்டேன். "மூச்சை வெளிய விடுங்க. மெஷினுக்குள்ள விடக்கூடாது. அப்புறம் வாயில வச்சு, ஒரே இழுப்பா, வேகமா." ஸ்ப்ரே என்றால் நிதானமாக இழுக்க வேண்டும், பவுடர் என்றால் பலமாக. இரண்டையும் வைத்திருப்பவர்கள் மாற்றி இழுப்பதைத் தினமும் பார்க்கிறேன். அவர் இழுத்தார். கன்னம் மட்டும் குழிந்தது, உள்ளே சத்தமே இல்லை. அது சுருட்டு இழுப்பு. இன்னொரு தடவை, பலமாக என்றேன். இந்தத் தடவை குப்பி உள்ளே கடகடவென்று ஆடியது கேட்டது. பத்து எண்ணுகிறவரை மூச்சை அடக்கச் சொன்னேன். ஆறிலேயே விட்டுவிட்டார்.

மெஷினைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "புகை ஒண்ணும் வரலையே?"

"வராது பெரியப்பா. இப்ப வாயைக் கொப்பளிச்சுத் துப்புங்க." ஸ்டீராய்டு தொண்டையில் தங்கினால் நாக்கில் வெள்ளைப் படலம் படரும், குரல் கம்மும். வெற்றிலை போடும் ஊரில் துப்பச் சொல்லித் தரும் கஷ்டமாவது எனக்கு இல்லை.

தண்ணீரை வாங்கிக் கொப்பளித்து வாசல் சாக்கடையில் துப்பினார். சிவப்பாக விழுந்தது. கூடவே பாதி மென்ற வெற்றிலையும் பாக்கும். இவ்வளவு நேரமும் கடைவாயில் அடக்கிக்கொண்டுதான் இழுத்திருக்கிறார்.

காலி மெஷினைத் துடைத்து மறுபடி அவர் கையில் கொடுத்தேன். "முதல்ல வாயைக் காட்டுங்க" என்று ஆரம்பித்தேன்.