வெப் தொலைநோக்கியில் சில மணி நேரம் வாங்கிய கதை

ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கியில் நேரம் கேட்டு உலகத்தில் யார் வேண்டுமானாலும் விண்ணப்பிக்கலாம். நாசாவில் வேலை பார்க்க வேண்டியதில்லை, அமெரிக்கக் குடியுரிமை தேவையில்லை, பேராசிரியராக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. சொன்னால் பலர் நம்புவதில்லை, அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் ஐரோப்பாவில் ஒரு சின்னப் பல்கலைக்கழகத்தில் ஒப்பந்த ஆராய்ச்சியாளர், போஸ்ட்டாக் என்பார்களே, அது. வானியல்காரர்களிலேயே பாதிப் பேர் "அது எங்கே இருக்கிறது?" என்று கேட்கிற இடம். வருஷத்துக்கு ஒரு சுற்று விண்ணப்பம் கேட்பார்கள்; மூன்றாவது சுற்றில் எங்கள் குழுவுக்கு நேரம் கிடைக்கவில்லை, நான்காவது சுற்றில் கிடைத்தது. நடுவில் என்ன நடந்தது, கிடைத்த பிறகு என்னென்ன செய்ய வேண்டியிருந்தது என்பதை எழுதுகிறேன்.

முதலில் நான் எதைப் பார்க்கிறேன் என்று சொல்ல வேண்டும். செத்துப்போன கேலக்ஸிகள். அதாவது புதிய நட்சத்திரம் பிறப்பது நின்றுபோனவை. நம் அக்கம்பக்கத்தில் அப்படிப்பட்டவை நிறைய உண்டு, அதில் அதிசயம் இல்லை. ஆனால் பிரபஞ்சத்துக்கு 1,380 கோடி வயது என்றால், அது வெறும் 140 கோடி வயதில் இருந்தபோதே சில பெரிய கேலக்ஸிகள் நட்சத்திரம் பெற்றெடுத்து முடித்து ஓய்ந்திருக்கின்றன. இவ்வளவு சீக்கிரம் எப்படி வளர்ந்தன, யார் நிறுத்தினார்கள் என்பதுதான் கேள்வி. வெப் வந்த பிறகு 2023ல் ஜிஎஸ்-9209 என்ற கேலக்ஸியின் நிறமாலை, அதாவது அதன் ஒளியை அலைநீளம் வாரியாகப் பிரித்துப் பார்த்த பதிவு, வெளியானது. பிரபஞ்சத்தின் வயது சுமார் 125 கோடி ஆண்டாக இருந்த காலத்தில் இருந்தது அது, அப்போதே ஓய்ந்துவிட்டிருந்தது. அதைப் பார்த்த பிறகு எங்களைப் போன்றவர்கள் சும்மா இருக்க முடியுமா?

சிக்கல் என்னவென்றால், வயதான கேலக்ஸியும் சிவப்பாகத் தெரியும், தூசி மூடிய இளம் கேலக்ஸியும் சிவப்பாகத்தான் தெரியும். படத்தை மட்டும் வைத்து அடித்துச் சொல்ல முடியாது. நிறத்தை நம்பி மோசம் போன கதை எங்கள் துறையில் எல்லோருக்கும் தெரியும்: சியர்ஸ்-93316 என்ற கேலக்ஸியின் செம்பெயர்ச்சி (பிரபஞ்சம் விரிவதால் ஒளி எவ்வளவு சிவப்புப் பக்கம் நகர்ந்திருக்கிறது என்ற அளவு; எண் கூடினால் தூரமும் கூடும்) 16 இருக்கலாம் என்று 2022ல் ஒரே பரபரப்பு, நிறமாலை எடுத்துப் பார்த்தால் 4.9. எனவே நிறமாலை வேண்டும், அதற்குத்தான் வெப்பிடம் கையேந்துவது.

விண்ணப்பம் என்றதும் பெரிய ஃபார்ம் என்று நினைக்காதீர்கள். ஏன் இந்த ஆராய்ச்சி என்று சில பக்கம், அப்புறம் ஏபிடி என்ற மென்பொருளில் எந்தக் கருவி, எந்த வடிகட்டி, எத்தனை நொடி, எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று கடைசி விவரம் வரை நிரப்ப வேண்டும். ஒளி எவ்வளவு நேரம் சேர்த்தால் போதும் என்று கணக்குப் போட ஒரு கால்குலேட்டர் தனியாக இருக்கிறது, நாள் கணக்கில் அதோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். எங்களுக்கு நிறமாலையில் இருட்டாக விழும் மெல்லிய கோடுகள் தெரிய வேண்டும் என்பதால் கால்குலேட்டர் கேட்கிற நேரம் ஏறிக்கொண்டே போகும். தொலைநோக்கி ஒரு பொருளை நோக்கித் திரும்புவதற்கே ஆரம்பத்தில் அரை மணி நேரத்தை நம் கணக்கில் எழுதிவிடுவார்கள். அதனால் வானத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருப்பவற்றைக் கேட்டால் திரும்புகிற செலவிலேயே கதை முடிந்துவிடும். ஒரே சட்டத்துக்குள், அதாவது தொலைநோக்கி ஒரு தடவையில் பார்க்கிற பரப்புக்குள், நாலைந்து நல்ல கேலக்ஸி விழுகிற இடமாகத் தேட வேண்டும். அப்படித்தான் காஸ்மாஸ் என்று அழைக்கப்படும் வானப் பகுதிக்கு வந்தோம். அங்கே வெப் ஏற்கனவே 255 மணி நேரம் படமெடுத்து வைத்திருக்கிறது, படங்கள் பொதுவில் கிடைக்கின்றன.

மூன்றாவது சுற்றின் பதில் மறுப்பு. கூடவே சில வரிக் கருத்து: கேள்வி முக்கியமானது, ஆனால் இதில் ஒரு பகுதியைத் தரையிலிருக்கும் பெரிய தொலைநோக்கிகளே செய்துவிடும் போலிருக்கிறதே என்கிற தொனியில். இப்போது எடுத்துப் படித்தாலும் அது மோசமான விண்ணப்பம் இல்லை. ஆனால் வருகிற கூட்டத்தைப் பார்க்க வேண்டும். நான்காவது சுற்றில் 2,377 விண்ணப்பங்கள், கேட்ட நேரம் மொத்தம் சுமார் 78,000 மணி. வருஷத்துக்கே 8,760 மணி நேரம்தான். ஒன்பது மணி நேரம் கேட்டால் ஒன்று கொடுக்கலாம் என்கிற நிலையில் நல்ல விண்ணப்பங்களே பெரும்பாலும் தள்ளப்படும். படிக்கிறவர் கையில் ஒரு கட்டு இருக்கும், நம்முடையது அதில் பத்தாவதோ இருபதாவதோ. அவருக்கு நாம் பார்க்கும் கேலக்ஸி அழகா என்பது பொருட்டே இல்லை. வெப் இல்லாவிட்டால் முடியாதா, ஏற்கனவே இருக்கிற தரவில் பதில் இல்லையா, இந்த எண்ணிக்கை போதுமா, இவ்வளவுதான்.

அடுத்த முறை இதை மட்டும் வைத்து முழுதாகத் திருப்பி எழுதினோம். செம்பெயர்ச்சி 4.3 இருக்கும் ஒரு கேலக்ஸியில் ஹைட்ரஜனின் எச்-பீட்டா கோடு 2.58 மைக்ரான் அலைநீளத்தில் வந்து விழும் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). பூமியிலிருந்து பார்த்தால் சரியாக அந்த இடத்தில் காற்றிலுள்ள நீராவி மறித்துக்கொள்கிறது, மலை உச்சியில் எவ்வளவு பெரிய கண்ணாடி வைத்தாலும் உதவாது. ஹப்பிளின் அகச்சிவப்புக் கேமரா 1.7 மைக்ரானோடு நின்றுவிடும். இதை இரண்டாவது பக்கத்தில் எங்கோ சொல்லாமல் முதல் பத்தியிலேயே வைத்தோம், ஒரே ஒரு படத்தோடு: கோடுகள் விழுகிற இடம், காற்று மறிக்கிற இடம், வெப்பில் நிறமாலை எடுக்கும் நிர்ஸ்பெக் கருவி பார்க்கிற இடம். என் பேராசிரியருக்கு ஆசையாக இருந்த இன்னொரு கேள்வியை வெட்டியதில் அவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

இன்னொரு விஷயம், இதை நம் ஆட்களுக்காகவே அழுத்திச் சொல்கிறேன். விண்ணப்பத்தில் பெயர் இருக்காது. யார் எழுதியது, எந்த நிறுவனம் என்று மதிப்பிடுகிறவருக்குத் தெரியாது. "நாங்கள் முன்பு காட்டியது போல" என்று எழுதக் கூடாது, நம்முடைய கட்டுரையையே யாரோ எழுதியது போல எண் போட்டுச் சுட்ட வேண்டும். கூட்டத்தில் யாராவது "இது இன்னார் குழுவாகத்தான் இருக்கும்" என்று ஆரம்பித்தால் பேச்சை நிறுத்துவதற்கென்றே ஒருவரை உட்கார வைத்திருப்பார்கள். தரவரிசை முடிந்த பிறகுதான் குழுவின் தகுதியைப் பார்ப்பது. 2018ல் ஹப்பிளுக்கு முதலில் இந்த முறை வந்தபோது, பெண்கள் தலைமை தாங்கிய விண்ணப்பங்களின் வெற்றி விகிதம் ஆண்களுடையதைவிட அதிகமாக வந்தது. அதற்கு முன் கணக்கெடுத்த சுற்றுகளில் எல்லாம் நேர்மாறாக இருந்தது. முதல்முறை நேரம் வாங்குகிறவர்களும் கூடினார்கள். பெரிய இடத்துக்காரர்கள் சிலர் இதனால் அனுபவத்துக்கு மதிப்பில்லாமல் போகிறது என்று புலம்புவார்கள். எனக்கு அந்தப் புலம்பலில் அனுதாபம் இல்லை.

கடைசி நாள் 2024 அக்டோபர் 15, அமெரிக்கக் கிழக்குக் கரை நேரப்படி இரவு எட்டு மணி. எங்களுக்கு அது விடிகாலை இரண்டு. அக்டோபரில்தான் அடுத்த வேலைக்கான விண்ணப்பங்களும் குவியும், ஒப்பந்தக்காரர்களுக்கு வேறு வழி கிடையாது; பகலில் வேலைக்கு எழுதுவது, ராத்திரியில் தொலைநோக்கிக்கு எழுதுவது. ஏபிடியில் கடைசிச் சிவப்புப் பெருக்கல் குறி மறைந்ததும் அனுப்பிவிட்டுப் படுத்துவிட்டேன். முடிவு மார்ச்சில் மின்னஞ்சலில் வந்தது. அம்மாவுக்கு போன் பண்ணிச் சொன்னேன். "எப்போ பார்க்கப் போகப் போறே?" என்றார். காவலூர் வானாய்வகத்தில் மாணவனாக இருந்தபோது ராத்திரி முழுக்கக் குளிரில் உட்கார்ந்து வேலை பார்த்ததைச் சொல்லியிருக்கிறேன், அதே நினைப்பு. வெப் இருப்பது 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி என்று விளக்கினால் "அப்போ நீ என்னதான் பண்ணுவே?" என்றார். நியாயமான கேள்விதான்.

பண்ணியது இது. நிர்ஸ்பெக்கில் ஒளியை உள்ளே விடும் நுண்கதவுகள் சுமார் இரண்டரை லட்சம் இருக்கின்றன, ஒவ்வொன்றும் சில தலைமுடி அகலம்தான். ஒரு காந்தக் கை மேலே நகர்ந்து போகும்போது எல்லாக் கதவும் திறக்கும், திறந்தே இருக்க வேண்டியவற்றை மட்டும் மின்னழுத்தம் பிடித்துக்கொள்ளும், மற்றவை மூடிக்கொள்ளும். நம் கேலக்ஸிகள் மேல் மட்டும் மூன்று மூன்று கதவாகத் திறக்கச் சொல்ல வேண்டும். நிரந்தரமாகப் பழுதாகி மூடிக் கிடக்கும் கதவுகளும் உண்டு, திறந்தே கிடப்பவையும் உண்டு, பட்டியல் தருவார்கள். காஸ்மாஸ் பகுதி வருஷத்தில் இரண்டு முறைதான் வெப்பின் பார்வைக்கு வரும், எந்தத் தேதியோ அதைப் பொறுத்துத் தொலைநோக்கி நிற்கும் கோணம் மாறும், கோணம் மாறினால் எந்தக் கதவில் எது விழும் என்பதும் மாறும். ஆக, தேதியும் கோணமும் வந்த பிறகு எல்லாவற்றையும் மறுபடி அடுக்கினோம். எங்கள் முதன்மை இலக்குகளில் ஒன்று இரண்டு கதவுகளுக்கு நடுவிலிருக்கும் தடுப்பில் போய் விழுந்தது. சட்டத்தை ஒரு நூலிழை நகர்த்தினால் இது வரும், வேறொன்று போகும். ஒரு வாரம் இந்த விளையாட்டு. மொத்த அனுபவத்திலும் எனக்கு ரொம்பப் பிடித்த வாரம் அதுதான் என்று நினைக்கிறேன், ஏனென்று கேட்டால் பதில் இல்லை.

தரவு வந்த அன்று ஒன்றும் பெரிதாக இல்லை, காப்பகத்தில் கோப்புகள் வந்து நின்றன, அவ்வளவுதான். திறந்தால் முதலில் தெரிவது குப்பை: காஸ்மிக் கதிர் மோதிய வட்டத் திட்டுகள் (இதற்கு எங்கள் வட்டாரத்தில் பனிப்பந்து என்று பெயர்), குறுக்கே ஓடும் பட்டை இரைச்சல். சுத்தம் செய்து முடித்து முதல் இலக்கை வரைந்தபோது 2.17, 2.30, 2.58 மைக்ரானில் வரிசையாக மூன்று பள்ளம். எச்-டெல்டா, எச்-காமா, எச்-பீட்டா, மூன்றும் ஹைட்ரஜனின் கோடுகள். புது நட்சத்திரம் மும்முரமாகப் பிறந்துகொண்டிருந்தால் பள்ளத்துக்குப் பதில் சிகரம் தெரியும். செத்த கேலக்ஸிதான், சந்தேகமில்லை. அதே சட்டத்தில், படத்தில் கிட்டத்தட்ட அதே சிவப்பாக இருந்த இன்னொன்றைப் போட்டால் 2.69 மைக்ரானில் குத்தென்று ஒரு சிகரம். ஹைட்ரஜனின் இன்னொரு கோடு, எச்-ஆல்ஃபா. செம்பெயர்ச்சி 3.1 அளவில் தூசிக்குள் மும்முரமாக நட்சத்திரம் செய்துகொண்டிருக்கிற கேலக்ஸி. எங்கள் பட்டியலில் அதற்கு முதல் மதிப்பெண் கொடுத்திருந்தார் குழுவில் ஒருவர், அவரை இன்னும் கிண்டல் செய்துகொண்டிருக்கிறோம். ஆனால் கட்டுரைக்கு அதுவும் தேவைதான், நிறத்தை நம்பிப் பட்டியல் போட்டால் எத்தனை போலி கலக்கும் என்று சொல்வதற்கு.

தரவு ஒரு வருஷத்துக்கு எங்களுக்கு மட்டும், அப்புறம் எல்லோருக்கும் திறந்துவிடும். என் ஒப்பந்தம் அதற்கு முன்பே முடிகிறது. அமெரிக்காவிலிருந்து விண்ணப்பித்தவர்களுக்கு ஆராய்ச்சிச் செலவுக்கு நாசா பணம் தரும், நமக்குத் தொலைநோக்கி நேரம் மட்டுமே, சம்பளத்தை நாமேதான் தேடிக்கொள்ள வேண்டும். இதைத் தெரிந்துகொண்டு இறங்குங்கள். எழுத நினைக்கிறவர்கள் கடைசி மாதத்தில் ஏபிடியைத் திறக்காதீர்கள். கோடையிலேயே கால்குலேட்டரில் உட்கார்ந்து, நீங்கள் கேட்கிற நேரத்தில் அந்தக் கோடு உண்மையிலேயே தெரியுமா என்று பாருங்கள். தெரியாது என்றால் எழுத்து எவ்வளவு நன்றாக இருந்தாலும் விண்ணப்பம் நிற்காது.