36 ஜாடிகளும் ஓர் ஆடிக் காற்றும்

எங்கள் வீட்டில் ஹார்லிக்ஸ் பாட்டிலைத் திறந்தால் சீரகம் இருக்கும். ஹார்லிக்ஸ் வேண்டுமென்றால் பூஸ்ட் பாட்டிலைத் திறக்க வேண்டும். பால் பவுடர் டின்னில் எண்ணெய் போகத் தலைக்குத் தேய்க்கிற அரப்புத்தூள், ஐஸ்கிரீம் டப்பாவில் கடுகு, எந்தத் தீபாவளிக்கு வந்ததென்று தெரியாத ஸ்வீட் டப்பாவில் ஊசி நூல். அத்தையின் கல்யாணச் சீருக்கு வந்த, பேர் வெட்டிய பித்தளைத் தூக்குப்போசியில் கொள்ளு. பெருந்துறைக்கு வாழ்க்கைப்பட்டு வந்து 11 வருஷம் ஆகிறது. சோம்பு எங்கே என்று அத்தையைக் கேட்காமல் நான் ஒரு குருமா வைத்ததில்லை. அத்தையோ கரண்ட் போன ராத்திரியிலும் கையை நீட்டிச் சோம்பையே எடுப்பார்.

போன ஆடியில் அத்தை தன் மகள் வீட்டுக்கு மூலனூர் போனார். மூணு நாள் தங்கல். நான் ஏற்கெனவே ரகசியமாக 36 கண்ணாடி ஜாடி வாங்கிக் கட்டிலுக்கடியில் வைத்திருந்தேன். போனில் சமையலறை அடுக்கும் வீடியோக்களைப் பார்த்துப் பார்த்துக் கை அரித்துப் போயிருந்தது. பஸ் ஏற்றிவிட்டு வந்த கையோடு அலமாரி, அட்டாலி எல்லாவற்றையும் காலி செய்து ஆசாரத்தில் பரப்பினேன்.

வெந்தயம் மட்டும் அஞ்சு இடத்தில் கிடைத்தது. ஒன்றாகக் கொட்டி நிறுத்துப் பார்த்தால் 1 கிலோ 300 கிராம். சர்க்கரைக்கு நல்லது என்று யார் சொன்னாலும் இவர் கால் கிலோ வாங்கி வந்துவிடுவார், தின்ன மட்டும் மாட்டார். தட்டைப்பயிறு டப்பாவைத் திறந்ததும் அடியிலிருந்து நாலைந்து வண்டு ஏறி வந்தது. தோல்மேல் முட்டை ஒட்டி, புழு உள்ளேயே தின்று வளர்ந்து, வண்டாக வெளியே வரும்போது வட்டமாக ஓர் ஓட்டை போட்டுவிட்டு வரும். ஒவ்வொரு பயிறிலும் அளவெடுத்துக் குத்தியதுபோல ஒரு பொத்தல். அதற்குப் பக்கத்திலேயே அத்தை செம்மண் கட்டிக் காயவைத்த துவரை இருந்தது, ஒரு பூச்சி அண்டவில்லை. தட்டைப்பயிறு நான் கடையில் வாங்கியது. இதை யாரிடமும் சொல்லவில்லை.

புளிப்பானையை மட்டும் தொடவில்லை. உப்புப் போட்டு அடைத்த புளியை எவர்சில்வர் டப்பாவில் வைத்து, டப்பா பொத்துப்போன கதை கல்யாணமான புதிதிலேயே நடந்துவிட்டது.

ரெண்டாம் நாள் சாயங்காலம் 36 ஜாடியும் நிறைந்து சிப்பாய் மாதிரி வரிசையில் நின்றன. ஸ்டிக்கர் இன்னும் வந்து சேரவில்லை. அதனால் துண்டுத் தாளில் பேர் எழுதி, ஒவ்வொரு மூடியின் மேலும் ஒரு சீட்டு வைத்தேன். கடைசியாக மிளகாய்த்தூளை மாற்றியதில் தும்மல் பிடித்துக்கொண்டது. ஒன்பது தும்மல் வரை எண்ணினேன். அப்புறம் தாங்காமல் வீட்டுக்குப் பின்னால் இருக்கிற பொடக்காளிக் கதவைத் திறந்தேன்.

பாலக்காட்டுக் கணவாய்க்குள் புகுந்து வரும் காற்று ஆனி ஆடியில் என்ன செய்யும் என்று இந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒரே மூச்சு. 36 சீட்டும் எழும்பி, ஒரு சுற்றுச் சுற்றி, முன்கதவு வழியாகப் போய்விட்டன. துவைக்கிற கல்லுக்கடியில் 'ஓமம்' கிடைத்தது. 'ரவை' பக்கத்து வீட்டுத் தென்னை மட்டையில் சிக்கி ரெண்டு நாள் ஆடிக்கொண்டிருந்தது. ஈரோட்டு மஞ்சளுக்கு 2019-ல் புவிசார் குறியீடே கிடைத்தது, எங்கள் வீட்டு மஞ்சள்தூளுக்கு எழுதின சீட்டு இன்றுவரை கிடைக்கவில்லை.

சரி, கண்ணும் மூக்கும் நாக்கும் எதற்கு இருக்கிறது என்று உட்கார்ந்தேன். அரிசி மாவையும் கோலமாவையும் விரலில் நெருடிப் பிரித்துவிட்டேன், கோலமாவு நறநறவென்றது. மைதாவைக் கண்டுபிடித்தேன். மிஞ்சியது பச்சையாக ரெண்டு ஜாடி. ஒன்று நாத்தனார் மூலனூரிலிருந்து அனுப்பிய முருங்கைக்கீரைப் பொடி, இன்னொன்று அரப்பு. மிளகாய்த்தூள் ஏறிய மூக்குக்கு ரெண்டும் ஒரே வாசம். கொஞ்சம் வெளிறியது அரப்பு என்று முடிவு கட்டினேன்.

சனிக்கிழமை அத்தை வந்து இறங்கினார். அலமாரியைச் சித்தே நேரம் பார்த்தார். "கடையாட்ட இருக்குதம்மிணி" என்றார். அது பாராட்டா என்று எனக்கு இன்னும் தெரியாது.

அன்றைக்கு இவருக்கு எண்ணெய்க் குளியல். அரைமணி நேரம் கழித்து எண்ணெய் வழியும் தலையோடு வந்தார். "ஏம்புள்ள, நாலு கை வெச்சுத் தேச்சேன், எண்ணெயே போவுலியே? சந்தையில கலப்படம் பண்ணிப் போட்டானுங்க. அடுத்த வாரம் போயி ரெண்டுல ஒண்ணு பார்க்கறேன்" என்று துண்டை உதறினார். நானும் கூடச் சேர்ந்து அந்த வியாபாரியைத் திட்டினேன்.

ராத்திரி வழக்கம்போல இவருக்கு முருங்கைக்கீரை சூப் வைத்தேன். கொதி வந்ததும் நுரை எழும்பியது. கரண்டியால் ஒதுக்கினேன், இன்னும் எழும்பியது. அடுப்பைக் குறைத்தும் அடங்கவில்லை. டம்ளரில் ஊற்றும்போது கும்பகோணம் காபி தோற்றது.

இவர் ஒரு வாய் குடித்தார். முகம் போன போக்கைப் பார்த்து அத்தை டம்ளரை வாங்கினார். குடிக்கவில்லை. ரெண்டு விரலை விட்டு எடுத்துத் தேய்த்துப் பார்த்தார். வழவழவென்றது. பிறகு மகனைக் குனியச் சொல்லி உச்சந்தலையை மோந்தார்.

"காத்தால தலைக்கு முருங்கைக்கீரை, ராத்திரிக்கு வயித்துக்கு அரப்பு. செரியாத்தான் அடுக்கியிருக்கறே அம்மிணி."

நல்லவேளை, ஒரு வாயோடு போயிற்று. இவர் ஏழெட்டுத் தடவை வாய் கொப்பளித்தார், ஒவ்வொரு தடவையும் நுரை வந்தது. சந்தை வியாபாரி தப்பித்தார்.

அத்தை அதற்குப் பிறகு ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் நாலு நாளில் கொள்ளு தூக்குப்போசிக்குத் திரும்பியிருந்தது. அதற்கடுத்த நாள் சீரகம். அரப்பு பால் பவுடர் டின்னுக்குள் போனதைக் கண்ணால் பார்த்தேன், கேட்கவில்லை. இப்போது குருமா வைக்கும்போது மறுபடியும், "சோம்பு எங்கீங்க அத்தை?"தான்.

ஒரு வாரம் கழித்து அத்தையே அடுப்படிக்கு வந்தார்.

"அம்மிணி, அந்தக் கண்ணாடி ஜாடி சும்மாதான இருக்குது? ஒண்ணு குடு. ஊசி நூல் போட்டு வைக்கோணும்."