இன்டர்கூலர் மாற்றியதும் பூஸ்ட் ஏன் இறங்குகிறது?

டர்போ அழுத்திச் சூடாக்கிய காற்றை, என்ஜினுக்குள் போகுமுன் குளிர்விப்பது இன்டர்கூலர்; அந்தக் காற்றின் கூடுதல் அழுத்தம்தான் பூஸ்ட். பெரிய இன்டர்கூலர் போட்டவர்கள் வழக்கமாகக் கேட்பது: "முன்னாடி கேஜ்ல 14.5 பிஎஸ்ஐ நின்னுச்சு, இப்ப 13 தாண்ட மாட்டேங்குது. காசு தண்டமா?" பெரும்பாலும் தண்டமில்லை. சில சமயம் மட்டும் எங்கோ ஒரு ஹோஸ் காற்றை விட்டுக்கொண்டிருக்கும். இது எந்த வகை என்று பிரித்துப் பார்க்க வேண்டும்.

முதலில் கணக்கு. வெளியே 35 டிகிரி, பூஸ்ட் 1 பார் (14.5 பிஎஸ்ஐ), டர்போவில் காற்றை அழுத்தும் கம்ப்ரசரின் திறன் 70 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். கம்ப்ரசரை விட்டு வரும் காற்று சுமார் 130 டிகிரியில் இருக்கும். ஏறிய சூட்டில் 70 சதவீதத்தை இன்டர்கூலர் இறக்கினால் என்ஜினுக்குப் போவது 64 டிகிரி; 85 சதவீதத்தை இறக்கினால் 49. இந்த 15 டிகிரியால், அதே அழுத்தத்தில் காற்றின் நிறை 4.5 சதவீதத்துக்குச் சற்று மேலேயே கூடும். கணக்கைத் திருப்பிப் போடுங்கள் (வெளிக்காற்றின் 1 பாரையும் சேர்த்தால் மொத்த அழுத்தம் 2 பார்): 64 டிகிரியில் 1 பாரில் போன அதே நிறை, 49 டிகிரியில் 0.91 பாரிலேயே போய்விடும். கேஜில் 14.5 என்பது 13.2 ஆகியிருக்கும், என்ஜினுக்குக் கிடைக்கும் காற்று ஒரு கிராம்கூடக் குறைந்திருக்காது.

ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ்ஸில் இருக்கும் 2.0 டிஎஸ்ஐ டர்போ பெட்ரோல் மாதிரியான என்ஜின்களில் நடப்பது இதுதான். என்ஜினை ஆளும் கணினியான ஈசியு பிஎஸ்ஐயைத் துரத்துவதில்லை. வேண்டிய டார்க்குக்கு எவ்வளவு காற்று தேவை என்று பார்த்து, காற்றின் வெப்பநிலையையும் சேர்த்துக் கணக்கிட்டு, அதற்கேற்ற பூஸ்ட்டைக் கேட்கிறது. காற்று குளிர்ந்தால் கேட்பதே குறையும். லாபம் வேறு இடத்தில் வருகிறது: நாக் (எரிபொருள் தானாகவே வெடித்துத் தட்டுவது) குறைவதால் இக்னிஷன் டைமிங்கை, அதாவது ஸ்பார்க் விடும் நேரத்தை, பின்னுக்கு இழுக்க வேண்டியதில்லை, டர்போவும் மெதுவாகச் சுற்றுகிறது. ஸ்டாக் ட்யூனிலேயே (கம்பெனி வைத்த அமைப்பிலேயே) ஓட்டுகிறவர், குளிர்ந்த காலை நேரத்தில் பெரிய வித்தியாசம் எதையும் உணர மாட்டார். மே மாத மதியத்தில், மூன்றாவது நான்காவது முறை முழு ஆக்சிலரேட்டர் கொடுக்கும்போதுதான் தெரியும்.

டர்போவைச் சுற்றவைக்கும் புகையில் ஒரு பங்கைத் திசைதிருப்பி பூஸ்ட்டைக் கட்டுப்படுத்தும் வால்வுதான் வேஸ்ட்கேட்; அதை இயக்குவது ஆக்சுவேட்டர். அந்த ஆக்சுவேட்டருக்கான ஹோஸ் கம்ப்ரசர் ஹவுசிங்கிலிருந்தே போகும் பழைய கார்களில் கதை தலைகீழ். அங்கே ஆக்சுவேட்டர் பார்ப்பது இன்டர்கூலருக்கு முந்தைய அழுத்தம். கம்ப்ரசரில் 14 பிஎஸ்ஐ, பழைய இன்டர்கூலரின் கோர் (காற்று குளிரும் உள்பகுதி) 2 பிஎஸ்ஐயைத் தின்றுவிட்டால், என்ஜினுக்குக் காற்றைப் பிரித்துவிடும் மேனிஃபோல்டில் 12. புதியது 1 மட்டும் தின்றால் 13. எதையும் தொடாமலே பூஸ்ட் ஏறிவிடும். காற்றும் குளிர்ந்து அடர்த்தியாக வருவதால் எரிபொருள் போதுமா என்று காற்று, எரிபொருள் விகிதத்தைக் காட்டும் வைட்பேண்ட் மீட்டரில் பார்க்காமல் மிதிக்க வேண்டாம்.

சரி, லீக்கா இல்லையா? லாக் எடுங்கள், அதாவது ஓடும்போது ஈசியு தரும் எண்களைப் பதிவுசெய்யுங்கள். மூன்றாவது கியரில் 2000 முதல் 6000 ஆர்பிஎம் வரை, டைனோவில் (காரை உருளைகள் மேல் ஓட்டிச் சோதிக்கும் மேடையில்). கேட்ட பூஸ்ட், வந்த பூஸ்ட், இன்டேக் வெப்பநிலை, வேஸ்ட்கேட் நிலை, டைமிங் பின்னிழுப்பு ஆகிய ஐந்தும் வேண்டும். கேட்டதும் வந்ததும் ஒன்றாகவே போய், வேஸ்ட்கேட் முன்னைவிட அதிகம் திறந்திருந்தால் எல்லாம் நலம். வந்தது குறைவாக இருந்து, வேஸ்ட்கேட் முழுக்க மூடியே கிடந்தால் லீக்கைத் தேடுங்கள்; பூஸ்ட் போதவில்லை என்று சொல்லும் பி0299 கோடும் கூடவே வரலாம். மூன்று முறை இடைவெளியில்லாமல் ஓட்டி, முதல் ஓட்டத்துக்கும் மூன்றாவதுக்கும் இடையே இன்டேக் வெப்பநிலை எவ்வளவு ஏறுகிறது என்று பாருங்கள். இன்டர்கூலரின் தரத்தைச் சொல்ல எனக்கு இந்த ஒரு எண் போதும். பெட்டியில் அச்சடித்த குதிரைத்திறனை நான் நம்புவதில்லை.

லீக் தேட: என்ஜின் ஆறியிருக்க வேண்டும். டர்போவின் வாயில் வால்வு வைத்த மூடியை மாட்டி, பிசிவி ஹோஸை (கிராங்க்கேஸ் வாயுவை இன்டேக்குக்குத் திருப்பி அனுப்புவது) அடைத்து, காற்றை மெதுவாக 15 பிஎஸ்ஐ வரை ஏற்றி, ஒவ்வொரு இணைப்பிலும் சோப்புத் தண்ணீர் தெளியுங்கள். அதற்கு மேல் ஏற்றினால் ஆயில் சீல்கள் போகலாம். பெரும்பாலும் மாட்டிக்கொள்வது குழாய் முனையில் மடங்கிப்போன ஓ ரிங்தான். பழைய சீலையே திரும்பப் போடுவது கஞ்சத்தனம். சிலிக்கான் ஹோஸ் என்றால், குழாயில் ஒட்டிய ஆயிலை பிரேக் கிளீனரால் துடைத்துவிட்டு மாட்டுங்கள். வழுக்கலோடு மாட்டியது முழு பூஸ்ட்டில் கழன்று பறக்கும். கிளாம்ப் குழாயின் விளிம்பு மேட்டுக்குப் பின்னால் உட்கார வேண்டும், அதன் மேலே அல்ல. கழற்றிய இன்டர்கூலரில் லேசான ஆயில் படலம் சகஜம். கவிழ்த்தால் ஊற்றுகிறது என்றால் பிசிவியையோ டர்போ சீலையோ பாருங்கள்.

கோர் பெரிதானால் டர்போ லேக் (ஆக்சிலரேட்டரை மிதித்ததும் பூஸ்ட் வர ஆகும் தாமதம்) கூடும் என்ற பயம் மிகை. 3 லிட்டர் கொள்ளளவு கூடினாலும், 1.5 லிட்டர் என்ஜின் 3000 ஆர்பிஎம்மில் நொடிக்கு 30 லிட்டருக்கு மேல் காற்றை இழுக்கும். தாமதம் நொடியில் பத்தில் ஒரு பங்குதான். பயப்பட வேண்டியது தடிமனுக்கு. ஆக்டேவியா ஆர்எஸ்ஸில் இன்டர்கூலர் ஏசி கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் இருக்கிறது. அங்கே தடித்த பார் அண்ட் பிளேட் (பட்டைகளும் தட்டுகளும் அடுக்கிய) கோரைத் திணித்தால், பின்னாலிருக்கும் ரேடியேட்டருக்குப் போகும் காற்று குறையும், டிராஃபிக்கில் கூலன்ட் சூடேறும். கோரைச் சுற்றி இடைவெளி விட்டால் காற்று கோருக்குள் நுழையாமல் சுற்றிப் போய்விடும்; ஃபோம் பட்டையால் அடையுங்கள். செலவு ஒன்றுமில்லை, பலன் நிறைய.

1.0 டிஎஸ்ஐ வைத்திருப்பவர்கள் இதில் இறங்க வேண்டாம். அதில் இன்டர்கூலர் இன்டேக் மேனிஃபோல்டுக்குள்ளேயே தண்ணீரால் குளிர்கிறது; முன்னால் வேறொன்றைத் தொங்கவிட வழியில்லை. தண்ணீர் பம்ப் ஓடுகிறதா, கூலன்ட் அளவு சரியா என்று பார்ப்பதே அங்கே செய்யக்கூடியது.