படலைக்கு வெளியே நிற்பவர்கள்

மட்டக்களப்பில் ஒரு சட்ட உதவி நிலையத்தில் வேலை செய்கிறேன். காணிப் பிணக்கு, தாபரிப்பு, பிறப்புச் சான்றிதழ் என்று வருகிறவர்களே அதிகம். வாடகைக்கு வீடு தரவில்லை என்று முறையிட யாரும் வருவதில்லை. வேறு அலுவலாக வந்தவர்கள் எழும்பிப் போகிற நேரத்தில்தான் அதைச் சொல்வார்கள்.

தாபரிப்பு வழக்குக்காக வந்த ஒரு ஆசிரியையும் அப்படித்தான் சொன்னார். இடமாற்றம் கிடைத்து அம்பாறைப் பக்கமிருந்து வந்தவர். கணவரைப் பிரிந்து சின்ன மகனோடு இருக்கிறார். கல்லடியில் ஒரு வீடு பார்த்து, தொலைபேசியிலேயே வாடகை பேசியாயிற்று. நேரில் போனபோது வீட்டுக்கார அம்மா தேத்தண்ணி கொடுத்து, "அவர் எப்ப மகள் வாறார்?" என்று கேட்டிருக்கிறார். இவர் நிலைமையைச் சொன்னதும், "மகளிட்டக் கேட்டுப்போட்டுச் சொல்றன்" என்றாராம். இரவே அழைப்பு வந்தது. "வேற ஆக்கள் வந்திட்டாங்க மகள், குறை நினைக்காதீங்க." அடுத்த நாள் எங்கள் அலுவலகத் தம்பி அதே எண்ணுக்கு எடுத்தார். "வீடு இருக்கு தம்பி, குடும்பத்தோட வந்து பாருங்க" என்றார் அதே அம்மா.

இப்படி வேறொருவரைக் கேட்கவைத்துச் சோதிப்பது அமெரிக்காவில் சான்று சேகரிக்கும் ஒரு முறை. மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்டு ஒரு வாரத்தில், 1968 ஏப்ரலில், அங்கே நியாயமான வீட்டுவசதிச் சட்டம் கையெழுத்தானது. இனம், நிறம், மதம், பிறந்த நாடு ஆகியவற்றைச் சொல்லி வீடு மறுக்கக் கூடாது என்றது. 1974இல் பாலினத்தையும், 1988இல் மாற்றுத்திறனையும் பிள்ளைகளுள்ள குடும்பங்களையும் சேர்த்தார்கள். வீடு காலி இல்லை என்று பொய் சொல்லப்பட்டால், சோதித்துப் பார்க்கப் போனவரே வழக்குத் தொடரலாம் என்று 1982இல் அங்குள்ள உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

நமக்கு அப்படி ஒரு சட்டம் இல்லை. அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரை இனம், மதம், மொழி, சாதி, பால் பார்த்துப் பாரபட்சம் காட்டக் கூடாது என்கிறது. மீறினால் ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றம் போகலாம். மனித உரிமைகள் ஆணைக்குழுவிலும் முறையிடலாம். ஆனால் இந்த வழிகள் அரசின் நிறைவேற்று, நிர்வாகச் செயல்களுக்கு மட்டுமே. அதே உறுப்புரையின் 12(3) பிரிவு, யாரையும் உள்ளே விட மறுக்கக் கூடாத இடங்களைக் கடை, உணவகம், ஹோட்டல், பொழுதுபோக்கு இடம், வழிபாட்டுத் தலம் என்று பெயர் சொல்லிப் போகிறது. வாடகை வீடு அந்த வரிசையில் இல்லை.

அரசு பங்கிடும் வீடென்றால் கதை வேறு. அக்கரைப்பற்று நுரைச்சோலையில் சுனாமிக்குப் பிறகு சவூதி உதவியில் கட்டிய 500 வீடுகள் யாருக்கு என்ற கேள்வி உயர் நீதிமன்றம் வரை போனது. வீடுகள் ஆண்டுக்கணக்காகப் பூட்டிக் கிடந்து பற்றைக்காடானது பெரிய வேதனை. என்றாலும் அங்கே கேள்வி கேட்க ஒரு மன்றாவது இருந்தது. கல்லடி அம்மாவிடம் எந்தச் சட்டத்தைக் காட்டிக் கேட்பது?

அந்த அம்மாவை நான் குறை சொல்ல மாட்டேன். நம் பக்கம் வீடு பெரும்பாலும் பெண்ணின் சீதனம். அதே வளவுக்குள் தானும் இருந்துகொண்டு பின்வீட்டைக் கொடுப்பவருக்கு அயலின் வாய்க்குப் பயம், குடிவந்தவரைப் பிறகு எழுப்ப முடியாமல் போய்விடுமோ என்ற பயமும் உண்டு. அமெரிக்கச் சட்டமே, உரிமையாளர் தானும் குடியிருக்கும் நான்கு வீடுகள் வரையான சிறிய கட்டடத்துக்குப் பெருமளவு விலக்குத் தருகிறது; பாகுபாடான விளம்பரத்துக்கு மட்டும் அந்த விலக்கு இல்லை. நமக்கும் அப்படியொரு எல்லையோடு சட்டம் வரட்டும், நான் எதிர்க்க மாட்டேன். ஆனால் குத்தகைக் காலம் முடிந்தும் வெளியேறாதவரிடமிருந்து வீட்டை விரைவாக மீட்க 2023இல் தனிச் சட்டமே வந்துவிட்டது. வீட்டுக்காரரின் பயத்துக்கு மருந்து கிடைத்தது. வாடகைக்காரருக்கு எதுவும் வரவில்லை. இது நியாயமில்லை.

தனித்த பெண்கள் மட்டுமல்ல. வந்தாறுமூலையில் பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில் அறை தேடும் பிள்ளைகளிடம் முதலில் பெயர்தான் கேட்கப்படுகிறது. தமிழர் பகுதியில் முஸ்லிம் பிள்ளைக்கும், முஸ்லிம் பகுதியில் தமிழ்ப் பிள்ளைக்கும் அதுவே போதும். 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு கேள்விகள் இன்னும் கூடின. சக்கர நாற்காலியில் வருபவருக்கு, "வாசற்படி உயரம், உங்களுக்குத்தான் கஷ்டம்" என்று அனுதாபமாகவே பதில் வரும். இவர்களில் யாரிடமும் காரணத்தை நேரே சொல்லமாட்டார்கள். அதனால்தான் இதை நிரூபிப்பது இவ்வளவு கடினம்.

ஆசிரியைக்குக் கடைசியில் நாவற்குடாவில் வீடு கிடைத்தது. அதிபர் போய், "எனக்குத் தெரிஞ்ச பிள்ளைதான்" என்று பொறுப்புச் சொல்ல வேண்டியிருந்தது. மாதாமாதம் அரசாங்கச் சம்பளம் வாங்குகிறவருக்கே இந்த நிலை. கூலி வேலை செய்யும் பெண்ணுக்கு யார் போய்ச் சொல்வார்?

இப்போது இப்படி யார் சொன்னாலும், எந்தத் தேதி, எந்த ஊர், என்ன கேட்டார்கள், என்ன பதில் வந்தது என்று தனிப் பதிவேட்டில் எழுதுகிறோம். சம்மதித்தால் மட்டும், பெயரில்லாமல். அரசியலமைப்புத் திருத்தத்துக்கு மக்களிடம் அடுத்த முறை கருத்துக் கேட்கும்போது, 12(3)இல் வாடகை வீட்டையும் சேர்க்கச் சொல்லி அந்தப் பதிவேட்டோடு போய் நிற்பதாக இருக்கிறோம்.