காந்தாரம் சரியில்லை

கத்திரி வெயில், பகல் பதினோரு மணி. ஹாலில் ஃபேன் ஓடவில்லை. கரண்ட் போகவும் இல்லை. பியானோவுக்கு ட்யூனிங் செய்ய வந்தவர் நிறுத்தச் சொன்னார், மாமா நிறுத்தினார். நம்ப முடியாதவர்கள் இன்னொரு தரம் படித்துக்கொள்ளுங்கள்: மாமா நிறுத்தினார். போன கோடையில் ஃபேனை நாலிலிருந்து மூன்றுக்குக் குறைத்த பாவத்துக்கு என் தம்பியோடு பொங்கல் வரை பேசாமல் இருந்த அதே மாமா, என் மாமனார்.

பெரியவளுக்கு ட்ரினிட்டி காலேஜ் பியானோ பரீட்சை நெருங்குகிறது. பெரம்பூரில் ஆஸ்திரேலியாவுக்குக் கிளம்பிய குடும்பத்திடம் வாங்கிய பியானோ, அவர்கள் போன துக்கமோ என்னவோ, சுருதியில் இறங்கிக்கொண்டே வந்தது. ட்யூனருக்கு போன் போட வேண்டும் என்று நான் சொல்ல ஆரம்பித்து எவ்வளவு காலம் ஆயிற்று என்று என்னைக் கேட்காதீர்கள், இவரைக் கேளுங்கள். "ஆப் இருக்கே, நானே பார்த்துக்கறேன்" என்று யூட்யூபைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தவர் இவர்தான். மேல் மூடியைத் திறந்து உள்ளே பார்த்தார். மூடினார். அதோடு சரி.

கடைசியில் மாமாவே போன் எடுத்தார். அங்கேதான் எனக்கு வயிற்றைக் கலக்கியது. மாமா ஒரு வாடிக்கையாளராக எப்படி என்று நம்ம தெருவுக்கே தெரியும். இளநீர்க்காரர் மாமா வருவதைப் பார்த்தால் வண்டியைச் சந்துக்குள் தள்ளிவிடுவார். ஒரு ப்ளவுஸ் பித்தானுக்காக டெய்லர் கடையில் கணக்கு நோட்டைப் பிரித்துக் காட்டச் சொன்னவர். ஹோட்டலில் ரவா தோசையைத் திருப்பி அனுப்பும்போது எந்த இடத்தில் எத்தனை ஓட்டை குறைகிறது என்றுகூடச் சொல்லி அனுப்புவார்.

ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசினார். "எவ்வளவு ஆகும்?"

"சொல்றேன் சார். நிக்கிற பியானோவா, படுத்த பியானோவா? கடைசியா எப்ப ட்யூன் பண்ணினீங்க? உள்ளே ஈரத்துக்கு பல்பு ஏதாவது போட்டிருக்கீங்களா? எலி உண்டா?"

எலி உண்டா என்று கேட்டதும் மாமாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. "எங்க வீட்ல எலி கிடையாது!" (உண்டு.)

அடுத்து அவர் சொன்னதுதான் எனக்குப் பிடித்தது. பியானோ ரொம்ப இறங்கியிருந்தால் ஒரே இழுவையில் நிற்காது. உள்ளே இருநூறுக்கும் மேலே கம்பி; எல்லாம் சேர்ந்து இழுக்கிற இழுப்பு பதினைந்து டன்னுக்கும் மேல். ஒரு பக்கம் முறுக்க முறுக்க மறுபக்கம் தளரும். அதனால் முதலில் மொத்தமாக ஒரு தரம் மேலே இழுத்துவிட்டு, மறுபடி முதலிலிருந்து நுணுக்கமாகப் பார்க்க வேண்டும். அப்படியும் சில வாரத்தில் கொஞ்சம் இறங்கும், இன்னொரு தரம் வர வேண்டியிருக்கும். கடல் காற்றில் துருப்பிடித்த கம்பி என்றால் இழுக்கும்போது ஒன்றிரண்டு அறுந்தாலும் அறுந்துபோகும். அறுந்தால் கம்பிக்கு எவ்வளவு, யார் தருவது என்பதை இப்போதே பேசிவிடலாம்.

"ரிப்பேர் பண்றதுக்கு முன்னாடியே மறுபடி கெட்டுப்போகும்னு சொல்றீங்களே?"

"ஆமா சார். இப்ப சொன்னா விளக்கம். அப்புறமா சொன்னா சால்ஜாப்பு."

மாமா பதில் இல்லாமல் போனை வைத்தார். நான் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தேன். அத்தையும் எட்டிப் பார்த்தார்கள்.

வந்தவருக்கு அறுபதைத் தாண்டியிருக்கும். தோல் பை ஒன்று. உள்ளே ஆணிகளை முறுக்கும் நீளமான கைப்பிடி, ரப்பர் ஆப்புகள், சிவப்புக் கம்பளிப் பட்டை. பியானோ மேலிருந்த குத்துவிளக்கு, கல்யாண போட்டோ, போன கொலுவுக்கு ஏறி இன்னும் இறங்காத செட்டியார் பொம்மை எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக எடுத்துக் கீழே வைத்தார். மேலே சாமான் அடுக்காதீர்கள் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் சொல்லிச் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டதெல்லாம் கண்முன்னால் வந்துபோனது.

ஃபேன் விஷயம் இதுதான். ஒரே ஸ்வரத்துக்கு மூன்று கம்பி. மூன்றும் அச்சாகச் சேராவிட்டால் சத்தம் 'வ்வ்வா... வ்வ்வா...' என்று எழும்பி எழும்பி அடங்கும். அந்த அலை நிற்கிற வரைக்கும் முறுக்க வேண்டும், அவர் காது தேடுவது அதைத்தான். ஓடுகிற ஃபேனின் இறக்கையும் சத்தத்தை வெட்டி வெட்டி அதே மாதிரி ஒரு அலையை உண்டாக்கும். எது கம்பி, எது ஃபேன் என்று தெரியாது. ஆனால் அவர் ஆரம்பித்தது இந்த விளக்கத்தில் இல்லை. "சார், உங்களுக்குக் காது நல்லாப் பழகியிருக்கும் போல. ஃபேன் போட்டு ஒரு தரம், நிறுத்தி ஒரு தரம் வாசிக்கிறேன், வித்தியாசம் சொல்லுங்க" என்றார். காது பழகியிருக்கிறது என்று மாமாவிடம் சொன்னால் போதும், ஃபேன் என்ன, ஃப்ரிட்ஜையே நிறுத்துவார். உண்மையிலேயே ஃப்ரிட்ஜையும் நிறுத்தினார். தோசை மாவு பொங்கியது தனிக்கதை.

ஃபேன் நின்றதும் தெருவே ஹாலுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. 'பழைய இரும்பு, ஈயம், பித்தாளை' ஆட்டோ வந்தது. கீழ் வீட்டு மாமி குக்கரில் ஐந்து விசில் விட்டார், ஐந்தும் ஐந்து சுருதி. ட்யூனர் ஒவ்வொரு தரமும் கையை எடுத்துவிட்டுக் காத்திருந்தார். உச்சுக்கொட்டவே இல்லை. அவருக்கும் சேர்த்து நான் கொட்டினேன்.

பிறகு மாமா சுருதிப் பெட்டியைக் கொண்டுவந்தார்.

"உங்க பியானோ ஒரு கட்டையும் என் பெட்டி ஒரு கட்டையும் சேரலையே?" (இந்தக் கட்டை சுருதியின் உயரத்துக்குப் பேர்.) பியானோ வந்தவருடையதாகிவிட்டதைக் கவனியுங்கள்.

நானாக இருந்தால் பெட்டியில்தான் கோளாறு என்று சொல்லி, மூன்று மாதத்துக்கு நிம்மதியைத் தொலைத்திருப்பேன். அவர் பையிலிருந்து சுருதிக்கவை (ட்யூனிங் ஃபோர்க்) ஒன்றை எடுத்து மாமா கையிலேயே கொடுத்தார். "இது ஆறு கட்டை சார். விநாடிக்கு 440 அதிர்வு. முழங்கால்ல தட்டி மேஜையில ஊன்றுங்க. உங்க பெட்டியையும் ஆறுக்கு வைங்க. என்னன்னு நீங்கதான் சொல்லணும்."

மாமா தட்டினார், ஊன்றினார், தலையைச் சாய்த்தார். மறுபடி தட்டினார். அப்புறம் பெட்டியின் பக்கவாட்டில் இருக்கும் சின்னத் திருகை யாருக்கும் தெரியாமல் திருப்பினார். எல்லோருக்கும் தெரிந்தது. சின்னவன் அதைத்தான் ரேடியோ என்று வைத்துத் திருப்பி விளையாடுவான். ட்யூனர் அந்த நேரம் பார்த்துக் குனிந்து பையில் எதையோ தேடிக்கொண்டிருந்தார்.

விட்ட இடத்தைப் பிடிக்க மாமா கேட்டார், "440ன்னு யாரு வெச்ச சட்டம்?"

"1939ல லண்டன்ல கூடிப் பேசி முடிவு பண்ணினாங்க சார்."

"நம்மளைக் கேட்டாங்களா?"

"கேக்கலை சார்."

"அதான் பார்த்தேன்."

இப்படியே போயிருந்தால் பதிவே எழுதியிருக்க மாட்டேன். மாமா காந்தாரத்துக்கு வந்தார். நடுஸ்தாயி முடிந்ததும், ஒரு கட்டையை ஷட்ஜமாக வைத்து, ஸ, க, ப என்று ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்துவிட்டுக் கையைத் தூக்கினார். "பஞ்சமம் ஓகே. காந்தாரம் சரியில்லை. தூக்கலா நிக்குது."

நாங்கள் எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டோம். ட்யூனர் முகம் மலர்ந்துவிட்டது. "சார், இதைச் சொல்ற ஆளைப் பார்த்து ரொம்ப நாளாச்சு. நீங்க சொல்றது சரி. தூக்கல்தான். நான்தான் தூக்கி வெச்சேன்."

பியானோவில் ஒரு ஸ்தாயியைப் பன்னிரண்டு சரிபங்காகப் பிரித்திருக்கிறார்கள். பங்குக்கு 100 சென்ட்; சுருதி இடைவெளியை அளக்கிற அலகு அது. ஆக மாமா குறை சொன்ன அந்தர காந்தாரம் ஷட்ஜத்திலிருந்து 400 சென்டில் விழுகிறது. நன்றாகச் சேர்த்த தம்புராவில் மந்தரக் கம்பியை மீட்டினால் யாரும் தொடாமலே காந்தாரம் கேட்குமே, அது 386. பதினான்கு சென்ட் வித்தியாசம். பஞ்சமத்தில் இரண்டே சென்ட், அதனால்தான் மாமாவே மன்னித்துவிட்டார். வாழ்நாள் முழுக்கத் தம்புராவோடு உட்கார்ந்தவருக்கு அந்தப் பதினான்கு உறுத்தாமல் இருக்குமா? மாமா ஒரு விஷயத்தில் குறை சொல்லி, அது உண்மையாகவும் இருந்தது. குடும்பச் சரித்திரத்தில் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

"அப்போ சரி பண்ணுங்க" என்றார் மாமா, வெற்றிக் களிப்பில்.

முடியாது என்று சொல்லவில்லையே மனிதர்! காந்தாரத்தின் மூன்று கம்பிகளில் இரண்டை ஆப்பு வைத்து அடக்கிவிட்டு, மிச்சம் இருந்த ஒன்றை ஒரு மயிரிழை இறக்கினார். ஸ-க-ப சேர்த்து அமுக்கினார். அது தேன். மாமா "ஆஹா" என்று தொடையில் தட்டினார். அத்தைகூடக் கரண்டியோடு வாசலில் வந்து நின்றார்கள்.

"பாப்பா, உன் பரீட்சைப் பாட்டை வாசிம்மா" என்றார் ட்யூனர் சாதாரணமாக. பாட்டு ஏ மைனர். அதாவது ஆறு கட்டை ஷட்ஜம். அங்கே இந்தக் காந்தாரம்தான் பஞ்சமம். ஏற்கெனவே இரண்டு சென்ட் குறைச்சல், இப்போது இன்னும் பதினான்கு. பெரியவள் முதல் அடியை வாசித்ததும் பியானோ பல்வலிக்காரர் மாதிரி முனகியது. மாமா முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. ரவா தோசைக்குக்கூட அப்படிப் போனதில்லை.

"ஒரு கட்டைக்கு மட்டும் சுத்தமா வெச்சுத் தரவா சார், இல்லை எல்லாக் கட்டைக்கும் கொஞ்சம் கொஞ்சம் தப்பா வெச்சுத் தரவா? பியானோ உங்களது, நீங்க சொல்றபடி செய்யறேன்."

மாமா பெரியவளைப் பார்த்தார். "பரீட்சைக்கு என்ன வேணுமோ அப்படியே வைங்க" என்றார். எனக்குக் கல்யாணம் ஆன புதிதில் இந்த ட்யூனர் எங்கே இருந்தார் என்று தெரியவில்லை. ஒரு மாதம் பாடம் கேட்டிருப்பேன்.

எல்லாம் முடிந்தது என்று நினைத்த நேரத்தில் கடைசிக் குற்றச்சாட்டு. "இரண்டு கட்டையில ஈ பறக்கிற மாதிரி ஒரு ரீங்காரம் வருதே, அது?"

வந்தது, எல்லோருக்கும் கேட்டது. "பல வீட்ல அது பியானோவுக்கு வெளியிலதான் இருக்கும் சார். நான் அடிச்சுக்கிட்டே இருக்கேன், நீங்க ஒவ்வொரு சாமானா அழுத்திப் பாருங்க" என்று மாமாவை அசிஸ்டென்ட் ஆக்கிவிட்டார். மாமா காலண்டரை அழுத்தினார். தாத்தா படத்தை அழுத்தினார். ஜன்னல் கொக்கி, டிவி, இவருடைய கேரம் கோப்பை. டங், டங் என்று இங்கே அடிக்க அடிக்க, மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஹாலைச் சுற்றி வந்தார். இதற்கு நடுவில் ட்யூனர் பியானோவின் அடிப்பலகையைக் கழற்றி, என்னிடம் டார்ச்சைக் கொடுத்தார்.

அடியில் ஒரு பென்சில், ஒரு சீப்பு, ஒரு சின்ன ரப்பர் பந்து. பின்பலகையில் சாய்ந்தபடி, முருகன் படம் போட்ட வளையத்தோடு, மாமாவின் பீரோ சாவி.

எந்தச் சாவி என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. "இந்த வீட்ல வெச்ச பொருள் வெச்ச இடத்துல இருக்கறதில்லை" என்று தொடங்கி, என் பிறந்த வீட்டுப் பழக்க வழக்கங்கள் வரை நீண்டதே, அந்தச் சாவி. நான் வாயைத் திறந்தேன். ட்யூனர் என்னைப் பார்த்துக் கண்ணாலேயே 'வேண்டாம்மா' என்றார். எத்தனை வீட்டுப் பியானோவுக்குள் எத்தனை குடும்பங்களின் சண்டையைப் பார்த்தவரோ. சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கட்டையை அடித்தார். ரீங்காரம் இல்லை.

"சார், நின்னுருச்சு!"

அந்த நொடியில் மாமாவின் கை ஷோகேஸ் கண்ணாடியில் இருந்தது. "நான் சொல்லலை? கண்ணாடிதான்!" தினத்தந்தியைக் கிழித்து மடித்து, கண்ணாடி இடுக்கில் அவரே செருகினார். இன்னும் அங்கேயே இருக்கிறது.

பேரமே பேசாமல் பணம் கொடுத்தார். வத்தக்குழம்பு சாப்பாடு போட்டார். வாசலில் செருப்பு மாட்டும்போது ட்யூனர் மாமாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். குலுக்கி முடிந்ததும் மாமாவின் கை மூடியபடியே வேட்டி மடிப்புக்குள் போனது. எனக்கு எதிலே எரிச்சல் என்றால், அந்த மனிதரை எல்லோரும் புகழ்கிறார்கள், புகழ வேண்டியதுதான், வாடிக்கையாளர் மனம் நோகாமல் பேசத் தெரிந்தவர். வாடிக்கையாளரின் மருமகள் கதி என்ன?

சாயந்திரம் பீரோவில் பழைய சாவி தொங்கியது. "மாமா, சாவி கிடைச்சிருச்சா?" என்று கேட்டேன்.

"ஒரு பழைய சட்டைப் பையில இருந்துச்சும்மா" என்றார். பொய்யும் இல்லை. ட்யூனர் சட்டை பழசுதான்.

டூப்ளிகேட் சாவி போட்ட காசு மட்டும் இன்னும் என் கணக்கில்தான் நிற்கிறது.