ராயபுரத்தில் தொடங்கிய ரயில்

நம் வகுப்புகளில் அப்பா என்ன வேலை என்று கேட்டால் மூன்று பதில்கள்தான் அதிகம் வரும்: மில், கேரேஜ் (அதாவது பெரம்பூர் ரயில்பெட்டிப் பட்டறை), ஹார்பர். இதில் ரயில்தான் மூத்தது. கடல் கடந்து வாழும் நம் பிள்ளைகளுக்கு வடசென்னை என்றால் கானா பாட்டும் மீன் மார்க்கெட்டும்தான் தெரிகிறது. அதனால் இந்த மலரில் தண்டவாளத்தைப் பற்றிக் கொஞ்சம் விவரமாகவே எழுதிவைக்கலாம்.

1837-இலேயே செங்குன்றத்திலிருந்து சிந்தாதிரிப்பேட்டைக்கு ஒரு தண்டவாளம் இருந்தது. சாலை போடுவதற்கான செம்பூரான்கல்லை ஏற்றிவரப் போட்டது. வண்டிகளைப் பெரும்பாலும் கால்நடைகளே இழுத்தன. ஆட்கள் ஏறிப்போகும் ரயிலுக்கு 1853-இல் ராயபுரத்தில் வேலை தொடங்கி, 1856 ஜூலை 1 அன்று வாலாஜா ரோடு வரை சுமார் 100 கி.மீ. தூரத்துக்கு வண்டி ஓடியது. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் அது. பெரம்பூர் கேரேஜும் அதே ஆண்டில் பிறந்ததுதான்.

ராயபுரத்தை ஏன் தேர்ந்தெடுத்தார்கள் என்பது அன்றைய கரையை நினைத்துப் பார்த்தால் புரியும். அப்போது ஹார்பர் கிடையாது. கப்பல்கள் ஆழக் கடலில் நங்கூரமிட்டு நிற்கும். சரக்கும் ஆளும் மசூலாப் படகில்தான் அலையைத் தாண்டிக் கரைக்கு வரவேண்டும். அந்தப் படகில் ஆணி இருக்காது. பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்திருப்பார்கள். ஆணி அடித்த படகு விறைப்பாக இருப்பதால் மணலில் மோதினால் பிளந்துவிடும். தைத்த படகு அடியை வாங்கிக்கொண்டு வளைந்து கொடுக்கும். அப்படி இறங்கிய சரக்கு வியாபாரிகளின் கிடங்குகளுக்குப் போய்ச் சேரும் இடம் அன்றைய கறுப்பர் நகரம், இன்றைய ஜார்ஜ் டவுன். அதற்கு வடக்கே ஒட்டினாற்போல் இருந்தது ராயபுரம். பக்கத்து உப்புக் கிடங்குகளின் பெயரும் ரயிலோடு ஒட்டிக்கொண்டது. சால்ட் கொட்டார்ஸ் என்று நாம் சொல்லும் கூட்ஸ் ஷெட்டின் பெயரில் இருப்பது கிடங்கைக் குறிக்கும் நம் 'கொட்டாரம்'தான்.

கேரேஜ்காரர் வீடுகளில் அடிக்கடி காதில் விழுந்த சொல் 'ஹாட் ஆக்ஸில்', அதாவது ஓடும்போது சூடேறிவிடும் சக்கர அச்சு. ரோலர் பேரிங் வருவதற்கு முன்பு, வேகனின் எடை முழுவதும் அச்சின் முனைமேல் உட்கார்ந்திருக்கும் வெண்ணுலோக (எளிதில் உருகும் மென்மையான உலோகக் கலவை) பேரிங்கின் வழியாகத்தான் இறங்கும். அச்சுக்குக் கீழே பெட்டிக்குள் எண்ணெயில் ஊறிய பஞ்சுக் கழிவைத் திணித்திருப்பார்கள். அச்சு சுற்றச் சுற்ற அது எண்ணெய் தடவிக்கொண்டே இருக்கும். பஞ்சு காய்ந்தாலோ, மூடி சரியாகப் பொருந்தாமல் மணலும் மழைநீரும் உள்ளே போனாலோ சூடேறும். முதலில் எண்ணெய் கருகும் வாசனை, அப்புறம் புகை. கடைசியில் வெண்ணுலோகம் உருகி ஓடும். அதற்கு மேலும் ஓட்டினால் அச்சின் முனையே முறிந்து வண்டி தடம் புரளும். அதனால்தான் வண்டி வந்து நின்றதும் டி.எக்ஸ்.ஆர். என்னும் ரயில் பரிசோதகர் ஒவ்வொரு அச்சுப் பெட்டியையும் புறங்கையால் தொட்டுப் பார்த்துக்கொண்டே போவார். சுத்தியலால் சக்கரத்தையும் தட்டுவார். நல்ல சக்கரம் மணிபோல் ஒலிக்கும். விரிசல் விட்டது மந்தமாகச் சத்தமிடும். தேறாத வேகனைக் கழற்றி, பழுதுபார்க்க ஒதுக்கிய சிக் லைனில் தள்ளிவிடுவார்கள்.

பக்கிங்ஹாம் மில் 1876-இலும் கர்நாடிக் மில் 1881-இலும் பெரம்பூர்ப் பக்கம் வந்தன. பஞ்சும் நிலக்கரியும் வர ரயில் இருந்தது. காற்று வறண்டால் நூல் அறும் என்பதால் நம் ஊரின் ஈரக் காற்றும் உதவிற்று. 1918 ஏப்ரல் 27 அன்று மில் தொழிலாளர்களுக்காகச் சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானது. செல்வபதி செட்டியார், ராமானுஜலு நாயுடு, பி. பி. வாடியா, திரு. வி. க. ஆகியோரின் பெயர்களை நம் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும். இந்தியாவில் ஒழுங்காக அமைந்த முதல் தொழிற்சங்கம் நம் தெருக்களில் எழுந்தது. 1996-இல் மில் மூடியதோடு வேலை நேரத்தைச் சொல்லும் சங்கொலியும் நின்றது.

ஹார்பருக்கு 1875-இல் அடிக்கல் நாட்டினார்கள். 1881 நவம்பர் புயல் கட்டியதைச் சிதைத்துவிட, மறுபடி எழுப்பவேண்டி வந்தது. ஆனால் பெரிய மாற்றம் மணலில்தான் நடந்தது. நம் கரையில் ஆண்டின் பெரும்பகுதி அலை தெற்கிலிருந்து சாய்வாக வந்து மணலை வடக்கே தள்ளும். வடகிழக்குப் பருவத்தில் சில மாதங்கள் மட்டும் திசை மாறும். ஹார்பரின் தெற்குச் சுவர் அந்த மணலைத் தடுத்துவிட்டது. தெற்கே தேங்கிய மணலால் மெரினா அகலமானது. வடக்கே மணல் வராததால் ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கடல் கரையை அரித்தது. மெரினாவைப் பெருமையாகச் சொல்கிறவர்கள் அதற்கு நம் ஆட்கள் கொடுத்த வீடுகளையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

1873-இல் சென்ட்ரல் வந்தபின் ராயபுரத்தின் முக்கியத்துவம் படிப்படியாகக் குறைந்தது. கட்டடம் மட்டும் தூண்களோடு நிற்கிறது. இந்தியாவில் இன்றும் நிற்கும் ரயில் நிலையக் கட்டடங்களில் மிகப் பழையது அதுதான். ஊருக்குப் போனால் பீச் ஸ்டேஷனில் கும்மிடிப்பூண்டி லோக்கல் ஏறுங்கள், அடுத்த நிறுத்தம் ராயபுரம். தூண்களைப் பிள்ளைகளுக்குக் காட்டிவிட்டு, கிழக்கே கடற்கரைச் சாலை வரை நடந்து வாருங்கள். மசூலாப் படகு வந்து மோதிய மணல் இருந்த இடத்தில், அலையைத் தடுக்கக் கொட்டிய கருங்கல் குவிந்திருக்கும்.